தம்பியின் பங்கு

ரப்பர் மறுபடியும் வேண்டுமாம் என்று ஆற்றின் கீழ்க்கரை ஊர்களிலிருந்து செய்திப் பறை சொன்னபோது, அடிக்கிறவன் கள் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்தார்கள். ரப்பர் ஒழிந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. காட்டுக்கொடியை வெட்டிப் பால் வடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதிப்பேர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அடங்காத பிள்ளைகளைப் பயமுறுத்த மட்டும் அந்தச் சொல் ஊரில் மிச்சமிருந்தது.

சர்க்கார் ஏஜெண்ட் துரை படகில் வந்து இறங்கிய பிறகுதான் பறை சொன்னது நிஜம் என்று தெரிந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம், மழை ஓய்ந்திருந்த நேரம். துரை இளவயசுக்காரர். எங்களை ஆண்ட பெல்ஜியத்திலிருந்து வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்து கிடந்தது. கூட எம்பியா என்ற மொழிபெயர்ப்பாளன் வந்திருந்தான். கீழ்க்கரைக்காரன், எங்கள் பேச்சைக் கொஞ்சம் இழுத்துப் பேசுவான்.

அப்போது எங்கள் ஊர்த் தலைவராக இருந்தவர் லோம்போட்டோ. பரம்பரைத் தலைவர் இல்லை. சர்க்கார் கழுத்தில் பித்தளைப் பதக்கத்தை மாட்டித் தலைவராக்கிய ஆள். ஆனால் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. வழக்கு வந்தால் இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்பார். பாதை வெட்ட ஆள் கேட்டால் முதலில் தன் மகனை அனுப்புவார். அவருடைய தம்பி என்ஜோலியும் நானும் ஒரே வயசு, சேர்ந்து மீன் அணை கட்டி வளர்ந்தவர்கள். என்ஜோலி அண்ணனுக்கு நேர் எதிர். எதையும் சிரிப்பாக்கிவிடுவான். செத்த வீட்டில்கூட யாரையாவது சிரிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

துரை ஊரார் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். கிழக்கே, கடல்களுக்கு அப்பால், மலாயா என்று ஒரு நாடு இருக்கிறதாம். அங்கே ரப்பரைத் தோட்டமாகவே போட்டிருக்கிறார்களாம். இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கூலிகள் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்களாம். இத்தனை வருஷம் உலகத்து வண்டிச் சக்கரங்களெல்லாம் அந்தப் பாலில்தான் ஓடினவாம். இப்போது ஜப்பான்காரன் வந்து மலாயாவைப் பிடித்துக்கொண்டான். அதனால் ரப்பருக்கு வேறு வழியில்லை, நீங்கள்தான் காட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

முதல் ரப்பர் காலம் ஏன் முடிந்தது என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் அதற்கு வேறு கதை வைத்திருந்தோம். செத்துப்போன எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரர்களின் கனவில் போய் நின்றார்கள், அவர்கள் பயந்து விட்டுவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி ஒன்றுமில்லையாம். கிழக்கே தோட்ட ரப்பர் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் எங்கள் காட்டு ரப்பருக்கு விலை போய்விட்டது. அவ்வளவுதான். துரை இதை ஏதோ சந்தையில் மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து போய்விட்டார்.

தன் நாடும் ஜெர்மன்காரன் கையில் இருக்கிறது, தன் அம்மா அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாள், இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை என்று துரை கடைசியில் சொன்னார். அப்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அதைக் கேட்டு லோம்போட்டோ, "அப்ப அடுத்தவன் வந்து நம்ம வீட்டுல உக்காந்துக்கிட்டா எப்பிடி இருக்கும்னு தொரைக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். எம்பியா அதை மொழிபெயர்க்கவில்லை. தலைவர் அனுதாபம் தெரிவிக்கிறார் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டான்.

துரை போனபிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கூட நான் இருந்தேன். அதற்கு முன் அவர்கள் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் ரப்பர் காலத்தில் லோம்போட்டோ சின்னப் பையன், என்ஜோலி நடக்கக்கூடத் தெரியாத குழந்தை. சிப்பாய்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களுடைய அப்பா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே இருக்கும் பெரிய சதுப்புக்குள் போய்விட்டார். அம்மா தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் சிப்பாய்கள் அவளைப் பிடித்துவிட்டார்கள். புருஷன் ரப்பரோடு வந்தால் விடுவோம் என்று ஊர் ஊராகப் பெண்களைப் பிடித்து ஒரு கொட்டகையில் அடைத்துப்போட்டிருந்த காலம் அது. அப்பா சதுப்பின் ஓரக்காடுகளில் கொடி தேடிப் பால் சேர்த்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா உயிரோடு இல்லை. சாப்பாடு போடாமலே வைத்திருந்திருக்கிறார்கள். அப்பா காட்டில் அலைந்த அத்தனை நாளும் லோம்போட்டோதான் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தார். நத்தையை மென்று தம்பியின் வாயில் ஊட்டினாராம்.

துரை வந்துபோன அன்று மாலை என்ஜோலி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான்.

"வெள்ளக்காரன் வண்டிக்குச் செருப்பு தைக்க நம்ம தோலுதான் கெடச்சுதா? அண்ணே, கெளம்புவோம். சதுப்புக்குள்ள நாலஞ்சு மேடு எனக்குத் தெரியும். மீன் இருக்கு. சண்டை முடியட்டும், வந்துக்கலாம்."

லோம்போட்டோ தலையை ஆட்டினார். "ஓடினா சிப்பாய் வருவான். அம்மாவ மறந்துட்டியா நீ?"

"எனக்கு அவ மொகமே தெரியாது, எங்க மறக்கறது? ஆனா ஒண்ணு தெரியும். அன்னைக்கு ஓடினதாலதான் நீயும் நானும் உயிரோட உக்காந்து பேசிட்டிருக்கோம்."

"அன்னைக்கு ஓடினதாலதான் அவ செத்தா."

இருவரும் ஒரே நாளில் ஓடி, ஒரே தண்ணீரைக் கடந்தவர்கள். ஒருவர் ஓடவே கூடாது என்று கற்றுக்கொண்டு வளர்ந்திருந்தார். இன்னொருவன் ஓடினால்தான் பிழைப்பு என்று கற்றுக்கொண்டிருந்தான். யார் சொன்னது சரி என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

என்ஜோலி அண்ணனின் பதக்கத்தை விரலால் தூக்கிப் பார்த்தான். "இது மெடலா, ஆட்டுக்குக் கட்டுற கயிறாண்ணே? ரெண்டும் கழுத்துலதான் தொங்குது."

"போடா" என்றார் லோம்போட்டோ. கோபமாகச் சொல்லவில்லை. "போறதுன்னா போ. எந்த மேடுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ. யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லன்னா மருந்து குடுத்துவிடணும்ல."

என்ஜோலி சொன்னான். சதுப்பு ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அப்பால், பனைகள் சாய்ந்து நிற்கும் மேடு. அந்த வாரமே அவனும் அவன் மனைவி அம்பாவும் இன்னும் சில குடும்பங்களும் போய்விட்டார்கள். அம்பாவின் இடுப்பில் தவழும் வயசில் ஒரு பெண் குழந்தை. என்னையும் வரச்சொன்னான். என் மனைவி நிறைமாதமாக இருந்தாள், என்னால் போக முடியவில்லை.

நாங்கள் காட்டுக்குப் போனோம். ரப்பர்க்கொடி உயரமான மரங்களைச் சுற்றி ஏறி உச்சியில் போய்ப் பூக்கும். அடியில் வெட்டினால் பால் கொஞ்சம்தான் வரும். பிறகு மரத்தின் மேலே ஏறி, கொடியைக் கீறி, கீழே குடுவை பிடிக்க வேண்டும். வடிந்த பாலை ஒருவகைத் தண்டின் சாற்றை ஊற்றித் திரட்டி உருண்டை பிடிப்போம். அந்த வாடை தலைமுடியில் ஏறினால் போகவே போகாது. ஊருக்குப் பக்கத்தில் இருந்த கொடிகள் சீக்கிரம் தீர்ந்தன. பிறகு தூரமாகப் போக வேண்டியிருந்தது, அங்கேயே இலைக்கூரை போட்டுத் தங்க வேண்டியிருந்தது. ஊருக்கு வந்தால் தூங்கி எழுந்து மறுபடி கிளம்புவதற்கே நேரம் சரியாக இருக்கும். புதுத் தோட்டத்துக்குக் காட்டை வெட்டித் திருத்த ஆம்பிளைகள் இல்லை. பெண்கள் பழைய தோட்டத்திலேயே மறுபடி மரவள்ளி நட்டார்கள், அது விரல் தடிமனில் நின்றுவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ யாரையோ ஜெயித்தால் எங்கள் மரவள்ளித் தோட்டத்தில் புல் மண்டும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

சதுப்புக்குப் போனவர்கள் கீழ்க்கரையில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று லோம்போட்டோ துரையிடம் சொல்லிவைத்தார். துரை நம்பினாரோ இல்லையோ, ஊர் கொடுக்க வேண்டிய ரப்பர்ப் பங்கைக் குறைக்கவில்லை. ஊரில் இத்தனை ஆம்பிளை என்று சர்க்கார் கணக்கு இருக்கிறது, அதற்குத் தகுந்த ரப்பர் வந்தாக வேண்டும் என்றார். ஆகவே போனவர்களின் பங்கு இருந்தவர்களின் தலையில் விழுந்தது. தன் தம்பியின் பங்கை லோம்போட்டோ மற்ற வீடுகளுக்குப் பிரித்துக்கொடுக்கவில்லை. அதைத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகன், போகுங்கு. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்தப்பாவைப்போலவே பேச்சுக்காரன். சித்தப்பா பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனாகவே ஏற்றுக்கொண்டான். காட்டில் இருக்கும்போது, "சித்தப்பாவுக்குச் சதுப்புல மீன் கடிக்குது, எனக்கு மரத்துல எறும்பு கடிக்குது. வந்ததும் பாதி மீன் வாங்காம விடமாட்டேன்" என்பான். எங்களில் அவன்தான் உயரமாக ஏறுவான்.

அன்றைக்கு என் பங்கும் அவன் பங்கும் முடிந்திருந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்றேன். சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது, இந்த ஒரு மரம் மட்டும் என்று ஏறினான். மழை பெய்து பட்டை வழுவழுவென்றிருந்தது. நான் கீழே குடுவையோடு நின்றேன். அவன் கத்தவில்லை. கிளைகள் முறிகிற சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, உடம்பு அசையவில்லை. "இடுப்புக்குக் கீழ எதுவுமே இல்ல மாமா" என்றான். நாங்கள் கொம்பில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம். பாதி வழியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் அம்மா போகெட்சு தலையை மழித்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே தரையில் கிடந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் புருஷனிடம் ஒன்று சொன்னாள். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

"உன் தம்பி அங்க மீன் திங்கறான். அவன் பங்குக்கு எம்புள்ள மரம் ஏறினான்."

அதன்பிறகு ஊரே அப்படிப் பேச ஆரம்பித்தது. முன்பெல்லாம் சதுப்புக்குப் போனவர்களுக்கு ரகசியமாக உப்பு கொடுத்தனுப்பியவர்களே, அவர்கள் அங்கே சொகுசாக இருக்கிறார்கள், நாம் இங்கே சாகிறோம் என்றார்கள். துரையையோ ஜப்பான்காரனையோ ஜெர்மன்காரனையோ திட்ட எங்களுக்கு வழியில்லை. துரையைத் திட்டப் பயம், மற்றவர்கள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. என்ஜோலியின் முகம் தெரியும். அதனால் என்ஜோலியைத் திட்டினோம்.

அடுத்த முறை துரை வந்தபோது ஊரின் பங்கு மிகவும் குறைந்திருந்தது. போகுங்கு போனபிறகு பலரும் உயரமான மரங்களில் ஏற மறுத்தார்கள். துரை லோம்போட்டோவைத் திட்டவில்லை. சோர்ந்துபோனவராக உட்கார்ந்து, இனி இது என் கையில் இல்லை என்றார். பங்கு நிறையும்வரை ஊரிலேயே சிப்பாய்களைத் தங்கவைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம். வீடு வீடாகச் சிப்பாய்கள் தங்குவார்கள், சாப்பாடு ஊரார் போட வேண்டும்.

சிப்பாய்கள் ஊரில் தங்குவது என்றால் என்ன என்று லோம்போட்டோவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் எம்பியா பக்கம் திரும்பி, ஓடிப்போனவர்கள் திரும்பி வந்துவிட்டால் சிப்பாய்கள் வராமல் இருப்பார்களா என்று கேட்கச் சொன்னார். எம்பியா அவரை ஒரு மாதிரி பார்த்தான். இதையும் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை. வந்துவிட்டால் வேலை செய்ய ஆள் கூடும், பங்கு நிறையும், அப்புறம் சிப்பாய் எதற்கு என்றார் துரை. சுடக்கூடாது என்றார் லோம்போட்டோ. சுடமாட்டார்கள், என் அம்மா மேல் ஆணை என்றார் துரை.

லோம்போட்டோ அந்த மேட்டைச் சொன்னார். ஓடை இரண்டாகப் பிரியும் இடம், சாய்ந்த பனைகள். நான் சற்றுத் தள்ளி ரப்பர் உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. சொல்லும்போது அவர் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பாதை கேட்டவனுக்குப் பாதை சொல்வதுபோலச் சொன்னார்.

துரை வாக்குத் தவறவில்லை. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஆனால் அது தண்ணீர் ஏறியிருந்த மாதம். மேட்டில் இருந்தவர்கள் மரங்களுக்கு நடுவே சிப்பாய்களின் சிவப்புக் குல்லாய்களைக் கண்டார்கள். யாரும் நின்று யோசிக்கவில்லை. அம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கி ஓடினார்கள். மேட்டுக்குப் பின்னால் தண்ணீருக்கு அடியில் சேறு இடுப்பளவு. பிடிபட்டு ஊர் திரும்பிய பெண்கள் சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அம்பா குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச தூரம் போனதைப் பார்த்தார்களாம். அப்புறம் பார்க்கவில்லையாம். அன்றைக்கு அவளோடு சேர்த்துப் பல பேர் கரையேறவில்லை. அதில் பாதி குழந்தைகள்.

பிடிபட்ட ஆண்களைக் கயிற்றில் கோத்து எங்கள் ஊர் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். நாங்கள் இரண்டு வரிசை வீடுகளின் முன்னாலும் நின்றோம். போகெட்சு நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள். என்ஜோலி அண்ணனைப் பார்த்ததும் நடையை நிறுத்தினான். மூக்கெல்லாம் சேறு.

"அண்ணே, அடுப்புப் புகை காட்டிக்குடுத்துடுச்சு. நாந்தான் பச்ச வெறகு போட்டேன்" என்றான். "அம்பாவப் போய்த் தேடுண்ணே. அவளுக்கு நீந்தத் தெரியும். பாப்பாவோட எங்கயாச்சும் மரத்துல ஒட்டிக்கிட்டு இருப்பா. நீ போனா குரல் குடுப்பா."

லோம்போட்டோ, "போறேன்" என்றார். சிப்பாய் கயிற்றை இழுத்தான், அவர்கள் போய்விட்டார்கள்.

அவர் போகவும் செய்தார். யாரையும் கூப்பிடாமல் தனியாகப் படகில் போனார். நான் பின்னாலேயே இன்னொரு படகில் போனேன், அவரைத் தனியாக விடப் பயமாக இருந்தது. அந்தச் சதுப்பு முழுவதும் அம்பா, அம்பா என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். தண்ணீர் வடியும்வரை நாள்தோறும் போனார். பிறகு கிடைத்தவர்களை எல்லாம் அந்த மேட்டிலேயே புதைத்தோம். எது அம்பா என்று அடையாளம் சொல்லும் நிலையில் எதுவும் இல்லை.

பிடிபட்ட ஆண்களைச் சாட்டையால் அடித்து மாவட்டத் தலைமை ஊர் ஜெயிலில் போட்டார்கள். அவர்களை ஊருக்கு அனுப்பவில்லை. ஆகவே ஊரில் வேலை செய்யும் கை ஒன்றும் கூடவில்லை, பங்கு மட்டும் அப்படியே இருந்தது. சிப்பாய்களும் வந்தார்கள். லோம்போட்டோ எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்று பார்த்தால், ஒன்றுமே வாங்கவில்லை.

சண்டை முடிந்தது என்று ஒருநாள் பறை சொன்னது. அதைக் கேட்டு ஆட யாருக்கும் தெம்பில்லை. கடைசியாகச் சேர்த்த ரப்பர் ஆற்றங்கரைக் கொட்டகையில் குவிந்து கிடந்தது. நீராவிப் படகு வந்து எண்ணெயையும் பிசினையும் ஏற்றிக்கொண்டது, ரப்பரைத் தொடவில்லை. அடுத்த படகும் தொடவில்லை. விடைபெற வந்த துரை விஷயத்தைச் சொன்னார். மலாயா திரும்பக் கிடைத்துவிட்டது, இனி உங்கள் ரப்பர் தேவையில்லை, அமெரிக்காவில் அதைப் பூமி எண்ணெயிலிருந்தே செய்யவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றார். மழையில் கிடந்து உருண்டைகள் நாறின. பக்கத்தில் குளிக்க முடியவில்லை என்று பெண்கள் சொல்லவே, நாங்களே அவற்றை ஆற்றில் தள்ளிவிட்டோம். போகுங்கு திரட்டியதும் அதில் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும், எல்லாம் ஒரே கறுப்பு.

துரை லோம்போட்டோவுக்கு இன்னொரு பதக்கம் கொண்டுவந்திருந்தார், போர்க்கால உழைப்புக்காக. லோம்போட்டோ கழுத்தை நீட்டினார். அவர் மறுப்பார் என்று நாங்கள் சிலர் எதிர்பார்த்தோம். மறுக்கிற மனுஷன் அவருக்குள் அப்போது யாரும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. துரையின் அம்மா என்ன ஆனாள் என்று மட்டும் அவர் கேட்டார். பிழைத்திருக்கிறாள், நான் ஊருக்குப் போகிறேன் என்றார் துரை. நல்லது என்றார் லோம்போட்டோ.

என்ஜோலி அதற்குப் பின்தான் விடுதலையாகி வந்தான். படகில் வந்தவர்கள் தூக்கித்தான் இறக்கினார்கள். கழுத்தின் பின்புறம் கட்டிகள், கண் செருகியபடி இருந்தது. ஜெயிலில் அவனுக்குத் தூக்கநோய் வந்திருந்தது, ஈ கடித்துத் தொற்றி, நினைவைக் குழப்பி, தூங்கவைத்தே ஆளைக் கொல்லும் நோய். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எல்லாம் அது பரவிக்கிடந்தது. காட்டில் ஈக்கடியில் தங்கினோம், ஊசி போடும் ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது. இவனுக்கு ஊசி போட்டபோது காலம் கடந்திருந்தது.

லோம்போட்டோ தம்பியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றே போகெட்சு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். சண்டை ஏதும் நடக்கவில்லை. "ஒனக்குத் தம்பி கெடச்சுட்டான். எனக்கு யாரு?" என்றாளாம், அவ்வளவுதான். போகுங்குவின் விதவை மட்டும் மாமனாருக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

பகலெல்லாம் என்ஜோலி தூங்குவான். விழித்தால் நினைவு எங்கோ பின்னால் நிற்கும். அம்பா ஓடைக்குப் போய் இவ்வளவு நேரமாகிறதே, வந்துவிட்டாளா என்று கேட்பான். லோம்போட்டோ, வருவாள், தூங்கு என்பார். மறுபடி விழிப்பான், மறுபடி அதையே கேட்பான். பாப்பாவுக்குப் பசிக்கும், அம்பாவைக் கூப்பிடு என்பான். லோம்போட்டோ எழுந்து வாசலுக்குப் போய், ஓடைப் பக்கம் பார்த்து, "அம்பா, ஒன்னக் கூப்புடறான்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். தெருவில் போகிற எங்களுக்கு அது கேட்கும். நாங்கள் வேகமாக நடந்துவிடுவோம்.

ஒருநாள் காலையில் நான் மீன் கொண்டுபோயிருந்தேன். என்ஜோலி உட்கார்ந்திருந்தான். கண் தெளிவாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னான்.

"ஜெயிலுக்குப் போன மொத நாளே சிப்பாய் ஒருத்தன் சொல்லிட்டான்ணே. பொகையில்லடா, ஒங்க அண்ணந்தான் சொன்னான்னு."

லோம்போட்டோ தரையைப் பார்த்தபடி, "தெரிஞ்சும் எதுக்கு எங்கிட்ட வந்த?" என்று கேட்டார்.

"வேற யாரு வீடு இருக்கு எனக்கு?" என்றான் என்ஜோலி. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மன்னிக்கல. நடக்க முடியல, அதான் வந்தேன்."

"நீ மன்னிக்க வேணாம்" என்றார் லோம்போட்டோ.

கேட்க இன்னும் ஏதோ இருப்பதுபோல அவர் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என்ஜோலி படுத்துவிட்டான். மறுபடி எழுந்தபோது கண்ணில் அந்தத் தெளிவு இல்லை. அம்பா வந்துவிட்டாளா என்று கேட்டான். லோம்போட்டோ எழுந்து வாசலுக்குப் போனார். இந்த முறை குரல் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ஜோலி மறுபடி மறுபடி கேட்டான். கடைசியில் நான்தான், "கூப்புட்டாச்சுப்பா, வரா" என்றேன்.

அதற்குப்பின் அவனுக்கு நினைவு தெளியவே இல்லை. அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் தூக்கத்திலேயே போய்விட்டான். ஊர் ஆண்கள் வந்தார்கள். அவனை வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார்கள். வழக்கப்படி மருமகள் நிறைய சமைத்திருந்தாள். இலையில் பொதிந்த மரவள்ளி, பனையெண்ணெயில் கீரை, புகைபோட்ட மீன். குழி வெட்டியவர்கள் கை கழுவினார்கள். துக்க வீட்டில் குழி வெட்டியவன் சாப்பிடாமல் போகக்கூடாது. அன்றைக்கு யாரும் உட்காரவில்லை. ஒவ்வொருவராக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் சதுப்பில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மேட்டைக் காட்டிக்கொடுத்தது யார் என்று ஜெயிலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். மீதிப்பேர் ஒரு காலத்தில் என்ஜோலியைத் திட்டியவர்கள்.

நான் மட்டும் உட்கார்ந்தேன். லோம்போட்டோ என் முன்னால் இலையை விரித்து, எனக்கு வைத்துவிட்டு, தனக்கும் வைத்துக்கொண்டார். இருவரும் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். மருமகள் இலைகளை எடுக்கலாமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்றார் அவர்.